ஓட இடமில்லாத ரயில்

ஜனவரி 9

தம்பிக்கு,

நீ போனை எடுக்க மாட்டாய் என்று தெரிந்தும் நேற்று இரண்டு தடவை அடித்தேன். இரண்டாவது தடவை உன் வீட்டுக்காரி எடுத்து, "அண்ணி, அவர் இங்கதான் இருக்கார். ஆனா இல்லைன்னு சொல்லச் சொல்றார்" என்றாள். அவளுக்குப் பொய் சொல்ல வராது என்பது உனக்கு இன்னுமா பிடிபடவில்லை? சரி, பேச வேண்டாம். படிக்கவாவது செய். குடும்ப விஷயம் எதுவும் எழுதப் போவதில்லை. வேலை விஷயம்தான்.

ரயில் தயாராகிவிட்டது. எட்டுப் பெட்டி. நானும் என் ஆட்களும் வருடக்கணக்கில் மாரடித்துச் செய்த ரயில், தொழிற்சாலைக் கொட்டகையில் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு சும்மா நிற்கிறது. ஃபிட்டர்கள் அதற்குப் 'புதுப்பொண்ணு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பொண்ணு ரெடி, போகத்தான் வீடு இல்லை. இந்த நாட்டில் எந்தப் பயணிகள் ரயிலும் ஓடாத வேகத்தில் இதை ஓட்டிச் சோதித்துப் பார்க்க வேண்டும். ஆனால் அந்த வேகம் தாங்கும் தண்டவாளம் எங்கேயும் இல்லை. ரயில் செய்யத் திட்டம் போட்ட பெரிய மனிதர்கள் ஒருவருக்கும், அது எதன்மேல் ஓடும் என்ற யோசனை மட்டும் வரவே இல்லை.

மழைக்காலம் முழுக்க வழி தேடி அலைந்தேன். வடக்கு வழியில் ஓயாமல் சரக்கு வண்டிகள். அந்தக் கண்ட்ரோலர், "மேடம், உங்களுக்கு லைனைக் காலி பண்ணிக் கொடுத்துட்டு நிலக்கரி வண்டியையெல்லாம் என் தலையிலயா நிறுத்துறது?" என்று கேட்டார். கடலோர வழி பாம்பு மாதிரி நெளிகிறது. மலையடி வழியில் ஒரு கிழட்டுப் பாலம். 'மெதுவாகச் செல்' என்ற பலகையே துருப்பிடித்து அதன்மேல் சாய்ந்து கிடக்கிறது. இன்னொரு வழியில் எல்லாம் சரி, மேலே போகும் மின்கம்பி மட்டும் துணி காயப்போட்ட கொடி மாதிரித் தொய்ந்து தொங்குகிறது.

எங்கள் இயக்குநருக்கு இது எதுவும் காதில் ஏறுவதில்லை. அவருக்குத் தேதி வேண்டும். அவருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயரே தேதி. வணக்கம் சொன்னால், "வணக்கம்மா, என்னைக்கு?" என்பார்.

போன வாரம் வரைபடத்தில் ஒன்றைப் பார்த்தேன். ஏரிப் பாலம் தாண்டியதும் ரயில் சந்திப்பு நிலையம் வரைக்கும் ஒரே கோடு, ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி. கீழே பகுதிப் பொறியாளர் யார் என்று பார்த்தால் உன் பெயர். வேறு யாராவது என்றால் அன்றைக்கே எழுதியிருப்பேன். உனக்கு எழுதுவதற்கு இத்தனை நாள் ஆயிற்று.

உன் லைன் தாங்குமா? உள்ளதைச் சொல்.

அக்கா


ஜனவரி 22

மதிப்பிற்குரிய முதன்மைச் சோதனைப் பொறியாளர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் 9ஆம் தேதியிட்ட கடிதம் கிடைக்கப்பெற்றது. அதில் குறிப்பிடப்பட்டுள்ள பகுதி அதிவேகச் சோதனை ஓட்டத்திற்கு உகந்ததன்று எனத் தெரிவித்துக்கொள்கிறேன். ஏரிக்கரை மண் மழைக்குப் பின் இளகும் தன்மையுடையது. மேலும், மருத்துவமனைக்கு எதிரே பொதுமக்கள் நாள் முழுவதும் தண்டவாளத்தைக் குறுக்கே கடந்து செல்கின்றனர். இது குறித்து இவ்வலுவலகம் பலமுறை மேலிடத்துக்கு எழுதியுள்ளது. பதில் வரப்பெறவில்லை.

எனவே வேறு பகுதியைப் பரிசீலிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
பகுதிப் பொறியாளர்

பின்குறிப்பு: தங்களை விசாரித்ததாக எழுதும்படி என் மனைவி சொன்னாள். எழுதிவிட்டேன். விசாரித்தது அவள் மட்டுமே.


பிப்ரவரி 18

மதிப்பிற்குரிய தம்பி அவர்களுக்கு,

நீ நாசமாய்ப் போகாமல் நன்றாக இரு.

'உகந்ததன்று' என்று நீ எழுதியதை வீட்டில் உன் மாமாவிடம் காட்டினேன். "உன் தம்பிக்கு இவ்வளவு நல்ல தமிழ் வருமா?" என்று ஆச்சரியப்பட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் கடிதத்தைக் கிழிக்கப் போனேன். அலுவலகக் கோப்பில் சேர்க்க வேண்டிய கடிதமாயிற்றே, எப்படிக் கிழிப்பது? அதையும் யோசித்துத்தான் அந்த நடையில் எழுதியிருக்கிறாய்.

ஏரிக்கரை இளகும் என்று எழுதினாய். போன வாரம் தண்டவாளத்தை அளக்கும் ரயில் பெட்டியை அனுப்பினேன். நீ லீவு போட்டுவிட்டு எங்கேயோ போய்விட்டாய் என்றார்கள். கரைமேல் போகவும் வரவும் பல தடவை ஓட்டி அளந்தார்கள். அளவுகளை இதோடு வைத்திருக்கிறேன், நீயே பார். உன் கரை நீ நினைப்பதைவிடக் கெட்டி. ஜல்லி போட்டு இறுக்கியிருக்கும் விதத்தைப் பார்த்து என் ஆள் ஒருவர், "இங்கே யாரோ தண்டவாளத்தைச் சொந்தப் பிள்ளை மாதிரி வளர்த்திருக்காங்க மேடம்" என்றார். அது என் தம்பி என்று நான் அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், அப்புறம் ஏன் மாட்டேன் என்கிறார் என்று கேட்டிருப்பார்.

மிச்சம் இருப்பது ஜனங்கள் கடப்பது. அதற்கு வேலி போட்டால் தீர்ந்தது. நாடு முழுக்க அப்படித்தான் செய்கிறார்கள். உனக்கு இரண்டு பக்கமும் வேலி வாங்கித் தருகிறேன்.

உனக்கு லைன் பிரச்சினை இல்லை, கேட்கிற ஆள்தான் பிரச்சினை. இதே கடிதத்தை வேறொருவன் எழுதியிருந்தால் நீ சம்மதித்திருப்பாய்.

அக்கா


பிப்ரவரி 27

அக்கா,

ஏரிக்கரை விஷயத்தில் தோற்றுவிட்டேன். உன் அளவுகளை இரண்டு தடவை சரிபார்த்தேன். நான் சொன்னது கணக்கு இல்லை, பயம். இரண்டு மழைக்கு முன் அந்தக் கரையில் ஒரு இடம் சரிந்தபோது நான் பக்கத்தில் நின்றிருந்தேன். அது மனதில் ஒட்டிக்கொண்டது.

ஆனால் வேலி போட்டால் தீர்ந்தது என்று எழுதியிருக்கிறாயே, அதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

இந்த ஊரை நீ வரைபடத்தில் பார்த்திருக்கிறாய். லைனுக்கு இந்தப் பக்கம் வீடுகள், மில், பள்ளிக்கூடம். அந்தப் பக்கம் மருத்துவமனை, பஸ் நிலையம். நடுவில் நான். சாலையில் போக வேண்டுமானால் ஊரைத் தாண்டி ரயில்வே கேட் வரைக்கும் போய்ச் சுற்றிக்கொண்டு வர வேண்டும். நோயாளியும் போக மாட்டான், டாக்டரும் போக மாட்டார். உன் தம்பி பெண்டாட்டி தினமும் காலையில் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத் தண்டவாளத்தைத் தாண்டித்தான் நர்ஸ் வேலைக்குப் போகிறாள். நான் லைனுக்குப் பொறுப்பு. கடக்காதே என்று ஊருக்கெல்லாம் சொல்வேன், அவளிடம் சொல்ல வாய் வராது.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு நாள் காலை, மருத்துவமனைச் சமையல்காரம்மா கடந்தார். எதிர் லைனில் சரக்கு வண்டி போய்க்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் இந்த லைனில் வந்த வண்டி அவருக்குக் கேட்கவில்லை. அவர் உடலை எடுத்தவர்களில் நானும் ஒருவன். இதை உனக்கு நான் எழுதியதில்லை.

அன்று மதியம் உனக்குப் போன் செய்தேன். தலைமை அலுவலகத்தில் உனக்குத் தெரியாத ஆள் இல்லை, ஒரே ஒரு நடைபாலம் போடச் சொல்லி யாரிடமாவது ஒரு வார்த்தை சொல் என்று கேட்டேன். "அது என் டிபார்ட்மெண்ட் இல்லைடா. முறைப்படி எழுதி அனுப்பு" என்றாய். முறைப்படி எழுதி அனுப்பியிருந்தேன் அக்கா. எழுதி எழுதிக் கை ஓய்ந்துதான் உன்னைக் கூப்பிட்டேன்.

இப்போது உன் ரயிலுக்கு வேண்டும் என்றதும் என் லைன் உன் டிபார்ட்மெண்ட் ஆகிவிட்டது.

பாலம் போட்டுவிட்டு வேலி போடு. கையெழுத்துப் போடுகிறேன். வேலி மட்டும் என்றால் மாட்டேன். கேட்கிறது அக்காவாக இருந்தாலும் சரி, ஆண்டவனாக இருந்தாலும் சரி.

தம்பி

போனில் பேசலாமே என்று உனக்குத் தோன்றும். போனில் உன் குரலைக் கேட்டால் நான் சின்னப் பையன் ஆகிவிடுகிறேன். எழுத்தில்தான் எனக்கு உன்னோடு சண்டை போட வருகிறது.


மார்ச் 16

தம்பி,

அந்தப் போன் எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஒரு கூட்டத்துக்குள் நுழைந்துகொண்டே பேசினேன். ஒருவர் அடிபட்டார் என்று சொன்னாய். நீ அவரைத் தூக்கினாய் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வேறு மாதிரி பேசியிருப்பேனா? தெரியவில்லை. தெரியாததைத் தெரியும் என்று எழுத மாட்டேன்.

உன் கடிதத்தை வைத்துக்கொண்டு தேதியிடம் போனேன். பாலம் என்றதும் முகம் சுருங்கியது.

"வேலி ஒரு மாசத்துல முடியும். பாலம் ஒரு வருஷம் இழுக்கும். நமக்கு வேலி போதும்மா."

"நமக்குப் போதும் சார். அவங்களுக்கு?"

"அவங்க ரயில் வர்றதுக்கு முன்னாடி என்ன பண்ணாங்களோ அதையே பண்ணட்டும்."

"அதைத்தான் சார் வேலி போட்டுத் தடுக்கப் போறோம்."

உன் கடிதத்தை என் பக்கமே தள்ளினார். பிறகு, இது சரிப்படாவிட்டால் ரயிலைக் கப்பலில் ஏற்றி வெளிநாட்டுச் சோதனைப் பாதைக்கு அனுப்பிவிடலாம் என்று மேலே பேச்சு அடிபடுவதாகச் சொன்னார். நினைத்துப் பார். இங்கே பிறந்த ரயில், இங்கே ஓட இடம் இல்லாமல் கப்பலில் போவதை! அதை அங்கே ஓட்டுவது அவர்கள் ஆட்களாக இருப்பார்கள். நாங்கள் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து கை தட்ட வேண்டும்.

நான் விடவில்லை. கடைசியில் எழுத்தில் வாங்கிவிட்டேன்: வேலியும் நடைபாலமும் ஒன்றாகவே தொடங்கும். அதில் அவர் கையெழுத்தும் என் கையெழுத்தும் இருக்கின்றன. நகல் வைத்திருக்கிறேன். பாலம் முதலில் வேண்டும் என்றாய். ஒன்றாக என்பது வரைக்கும்தான் என்னால் இழுக்க முடிந்தது.

என்னை நம்பிக் கையெழுத்துப் போடு.

அக்கா


ஏப்ரல் 26

அக்கா,

கையெழுத்துப் போட்டேன். அதன் பலனைக் கேட்டுக்கொள்.

வேலி வந்துவிட்டது. உயரமாக, நேராக, பச்சை வர்ணம் அடித்து. நான் கேட்டபோது ஒரு சுருள் கம்பிக்கு வழியில்லை என்றவர்கள், உன் ரயிலுக்கு லாரி லாரியாகக் கொண்டுவந்து இறக்கினார்கள். இவ்வளவு வேகமாக வேலை நடந்து இந்த ஊர் பார்த்ததில்லை.

பாலமும் 'தொடங்கியது'. இரண்டு பேர் ஒரு மெஷினோடு வந்தார்கள். மருத்துவமனை எதிரே ஒரு குழி தோண்டி, மண்ணைப் பையில் போட்டுக் கட்டி, டீ குடித்துவிட்டுப் போனார்கள். அதோடு சரி. குழியில் இப்போது தண்ணீர் தேங்கித் தவளை குடியிருக்கிறது. உன் எழுத்துக்கு அதுதான் பொருள் போலிருக்கிறது.

டீக்கடைக்காரர் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். நேற்று மில் தொழிலாளி ஒருவர் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "சார், ஆஸ்பத்திரி கண்ணுக்குத் தெரியுது. காலுக்குத்தான் எட்டலை" என்றார். நான் நடந்தேன். முதுகில் அவர் பார்வை சுட்டது.

வீட்டில் இன்னும் மோசம். இவள் கேட் வரைக்கும் சுற்றிப் போய் வருகிறாள். கேட் மூடியிருந்தால் அங்கேயே நிற்க வேண்டும். தாமதமாகப் போய்த் தலைமை நர்ஸிடம் வாங்கிக் கட்டிக்கொள்கிறாள். அதை வீட்டுக்குக் கொண்டுவந்து எனக்குப் பரிமாறுகிறாள். "வேலிக்காரரே, காபி" என்று மேஜைமேல் வைத்துவிட்டுப் போகிறாள். வேறு பேச்சு இல்லை.

உன்னை நம்பியதற்கு நான் வருத்தப்பட வேண்டுமா, இன்னும் கொஞ்சம் பொறுக்க வேண்டுமா? அதையாவது சொல்.

தம்பி


மே 6

தம்பி,

உன் கடிதம் வந்தபோது நான் உன் லைனில்தான் இருந்தேன். ரயிலுக்குள். பாதி வேகத்தில் ஓட்டிப் பார்த்தோம். இறங்கி உன் வீட்டுக்கு வந்திருக்க வேண்டும். பாலம் இல்லாமல் உன் வீட்டுக்காரி முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

அந்தக் கரையைப் பற்றிச் சொல்கிறேன், உனக்குச் சேர வேண்டியது அது. டிரைவர் அனுபவசாலி, லேசில் எதையும் பாராட்டாதவர். கரைமேல் போகும்போது திரும்பி, "மேடம், இது ஓடலை, வழுக்குது" என்றார். எனக்கு எழுந்து குதிக்க வேண்டும் போலிருந்தது. முன் கண்ணாடியில் உன் தண்டவாளம் எங்களை நோக்கி ஓடிவந்து காலடியில் மறைந்தது. ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை.

பாலத்தைப் பற்றித் தேதியிடம் மூன்று தடவை கேட்டுவிட்டேன். வரைபடம் டிசைன் பிரிவில் இருக்கிறதாம். டிசைன் பிரிவில் கேட்டால் மண் பரிசோதனை முடிவு வரவில்லையாம். மண் எங்கே என்றால் பை எங்கே போயிற்று என்று யாருக்கும் தெரியவில்லை. "சோதனை முடியட்டும்மா, அப்புறம் பார்க்கலாம்" என்கிறார். சிரித்துக்கொண்டே சொல்கிறார், அதுதான் தாங்கவில்லை.

முழு வேக ஓட்டம் 17ஆம் தேதி. பத்திரிகைக்காரர்கள் வருகிறார்கள், மேலிடத்து ஆட்களும் வருகிறார்கள். அது நல்லபடியாக முடிந்தால் என் பேச்சுக்கு எடை கூடும். அன்று பாலத்தை அத்தனை பேர் முன்னிலையில் கேட்பேன். இன்னும் கொஞ்சம் பொறு.

அக்கா


மே 17, சந்திப்பு விருந்தினர் விடுதி

தீர்த்துக்கொண்டாயா உன் பழியை?

வேகம் ஏறிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம்தான் இருந்தது. உள்ளே எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு திரையைப் பார்க்கிறோம். அப்போது டிரைவரின் வயர்லெஸ்ஸில் உன் குரல்: "நிறுத்து. பகுதிப் பொறியாளர் உத்தரவு. நிறுத்து." காரணம் சொல்லவில்லை. மூன்று வருடம் கழித்து உன் குரலை நான் கேட்டது இப்படித்தான்.

நின்றோம். பிறகு ஊர்ந்து ஊர்ந்து சந்திப்புக்கு வந்தோம். பத்திரிகைக்காரன் ஒருவன் என்னிடம், "மேடம், இதுதான் அதிவேகமா?" என்று கேட்டான். தேதி என் முகத்தைக்கூடப் பார்க்காமல், "அந்தப் பகுதி ஆள் உன் தம்பியாமே?" என்றார். யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

பாலம் தாமதமானது என் தப்புதான் என்று வைத்துக்கொள். அதற்காக இதையா செய்வாய்? இன்றைக்கா செய்வாய்?

பதில் எழுத வேண்டாம்.


மே 19

அக்கா,

எழுத வேண்டாம் என்றாய். எழுதாமல் இருக்க முடியாது.

17ஆம் தேதி காலை உத்தரவுப்படி எல்லாக் கேட்டையும் மூடினோம். வழக்கத்தைவிட நீண்ட நேரம் மூடியிருக்கும் என்று முந்தின நாளே தண்டோரா போடாத குறையாகச் சொல்லியிருந்தோம். ஆனால் விபத்து நாள் பார்த்து வருமா? மில்லில் ஒரு பெண்ணின் கை மெஷினில் மாட்டிக்கொண்டது. வேனில் போட்டுக்கொண்டு கேட்டுக்கு வந்தார்கள். திறக்க முடியாது என்று கேட்காரர் சொல்லிவிட்டார். அவருக்கும் வேறு வழியில்லை. வேலைக்குப் போக அதே வரிசையில் இவள் நின்றிருக்கிறாள். வேனுக்குள் எட்டிப் பார்த்தவள், அதிலேயே ஏறிக்கொண்டு வண்டியைத் திருப்பச் சொன்னாளாம்.

மருத்துவமனைக்கு எதிரே நம் ஆட்களின் சாமான் அறை இருக்கிறது. மேஸ்திரியிடம் போய், "கம்பி வெட்டுற கட்டரைக் கொடுங்க" என்றிருக்கிறாள்.

"அம்மா, சார் என்னைத் தொலைச்சுடுவார்."

"சாரை நான் பார்த்துக்கறேன். கொடுங்க."

வேலியை அவளே வெட்டினாள். வெட்டிவிட்டுத் தண்டவாளத்தில் கால் வைக்காமல், எனக்குப் போன் செய்தாள். நான் அப்போது ஏரிக்கரையில் வயர்லெஸ்ஸோடு நின்றிருந்தேன்.

"ரயிலை நிறுத்துங்க. நாங்க கடக்கணும்."

"எந்த ரயிலை?"

"உங்க அக்கா ரயிலைத்தான்! வேலியை வெட்டியாச்சு. நீங்க சரின்னு சொல்ற வரைக்கும் நிக்கிறேன். சீக்கிரம் சொல்லுங்க, ரத்தம் நிக்க மாட்டேங்குது."

டிரைவருக்குக் காரணம் சொல்ல நேரம் இல்லை. நின்றுவிட்டோம் என்று அவர் சொன்ன பிறகுதான் இவளிடம் "போ" என்றேன். அந்த இடைவெளியில் எனக்கு என்ன ஆயிற்று என்பதை எழுத முடியாது. ஸ்ட்ரெச்சரின் ஒரு முனையை இவளே பிடித்துக்கொண்டு போனாளாம். அந்தப் பெண்ணுக்கு இரண்டு விரல் போயிற்று. கையும் உயிரும் நிலைத்தன.

பழி என்று எழுதியிருக்கிறாய். அன்று நான் இருக்க வேண்டிய இடம் அலுவலகம். உன் ரயில் முழு வேகத்தில் என் கரைமேல் போவதைப் பார்க்க வேண்டும் என்றுதான் அங்கே போய் நின்றேன். தூரத்தில் அதன் விளக்கு தெரிந்தது. நான் தண்டவாளத்தைப் பார்த்துப் பார்த்துக் கட்டியது உன் ரயிலை நிறுத்தவா அக்கா? நானே நிறுத்தினேன்.

இப்போது அறிக்கை கேட்கிறார்கள். வேலியை வெட்டியது யார் என்று எழுத வேண்டும். 'அடையாளம் தெரியாதவர்' என்று எழுதும்படி மேஸ்திரி கெஞ்சுகிறார். இவள், "என் பேரை எழுதுங்க. ஏன் வெட்டினேன்னும் சேர்த்து எழுதுங்க. பாதி எழுதினீங்கன்னா அப்புறம் நான் வந்து எழுதுவேன்" என்கிறாள்.

முழுதாகத்தான் எழுதப் போகிறேன். உனக்கு முதலில் தெரியட்டும் என்று இது.

தம்பி


ஜூன் 4

தம்பி,

உன் கடிதத்தை மாமாவிடம் வாசித்துக் காட்டினேன். பாதியில் என்னால் முடியவில்லை, அவர் வாங்கி வாசித்தார்.

உன் வீட்டுக்காரியிடம் சொல்: அந்தக் கட்டரை நான் வாங்கிக் கொடுத்திருக்க வேண்டும்.

தேதி என் மேஜையில் ஒரு அறிக்கை கொண்டுவந்து வைத்தார், டைப் அடித்துத் தயாராக. 'சமூக விரோதிகள் வேலியைச் சேதப்படுத்தியதால் ஓட்டம் நிறுத்தப்பட்டது. வழி முற்றிலும் தகுதியானது. மறு ஓட்டம் இம்மாத இறுதியில்.' கீழே என் கையெழுத்துக்கு இடம்.

"இதுல கையெழுத்துப் போட மாட்டேன் சார். தண்டவாளம் தகுதியானதுதான். ஆனா பாலம் வர்ற வரைக்கும் இந்த வழி தகுதியில்லை."

"பாலம் உன் டிபார்ட்மெண்ட்டாம்மா?"

அந்த வாக்கியத்தை நான் உன்னிடம் சொன்னபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அவர் வாயில் கேட்டபோது, அறைந்த மாதிரி இருந்தது. "ஆமாம் சார், என் டிபார்ட்மெண்ட்தான்" என்று சொல்லிவிட்டு, நான் எழுதிய அறிக்கையைக் கோப்பில் சேர்த்து, ரயில்வே பாதுகாப்பு ஆணையருக்கும் ஒரு பிரதி அனுப்பினேன். அவர் அனுமதி இல்லாமல் சோதனை ரயில் நகராது.

இன்னொன்று. வடக்கு வழியை நான் பார்க்கப் போனபோது, ஒரு பெரிய நிலையத்தில் புதுக் கட்டடத்துக்காகப் பழைய இரும்பு நடைபாலத்தைக் கழற்றி யார்டில் அடுக்கி வைத்திருந்தார்கள். நல்ல இரும்பு. நேற்று அந்த நிலையத்துக்குப் போன் செய்தேன். "இடத்தை அடைச்சுக்கிட்டுக் கிடக்கு மேடம், யாராவது எடுத்துட்டுப் போனா புண்ணியம்" என்கிறார்கள். ஒரு வருடம் ஆகும் என்றார்களே, இது கழற்றி வைத்ததை மாட்டுகிற வேலைதான். அந்த விவரத்தையும் அறிக்கையில் எழுதிவிட்டேன்.

உன் அறிக்கையும் என் அறிக்கையும் ஆணையர் மேஜையில் ஒன்றாகக் கிடக்கட்டும்.

என்னை என்ன செய்வார்கள் என்று தெரியவில்லை. கோபமாக இருக்கிறேன், அதனால் பயம் குறைவாக இருக்கிறது.

அக்கா


ஜூலை 23

அக்கா,

நேற்று உனக்குப் போன் செய்தேன். மாமா எடுத்து, "உன் அக்கா தூங்குறா" என்றார். பின்னால் நீ பாத்திரத்தை வைக்கும் சத்தம் கேட்டது. எனக்கு அந்தச் சத்தம் தெரியாதா?

ஏன் என்றும் தெரியும். இரண்டாவது சோதனைக்கான சுற்றறிக்கை வந்தது. முதன்மைச் சோதனைப் பொறியாளர் என்ற இடத்தில் வேறு பெயர். கேட்டு விசாரித்தேன். நீ 'ஆமாம் சார்' என்று கூப்பிடுவாயே, உனக்குக் கீழே இருந்தவர், அவர்தான் இப்போது பொறுப்பாம். உன்னை உதிரிபாகக் கிடங்குக்கு மாற்றிவிட்டார்களாம். என்னிடம் ஒரு வார்த்தை எழுதவில்லையே நீ.

இங்கே நடந்ததைச் சொல்கிறேன். ஆணையரே வந்தார். இவளை விசாரித்தார். "தண்டவாள வேலியை வெட்டுவது குற்றம் என்று தெரியுமா?" என்று கேட்டார். "தெரியும் சார். ஆஸ்பத்திரிக்குப் போக வழி இல்லாம பண்றது என்ன சார்?" என்றாள். அவர் எழுந்தார். மருத்துவமனையிலிருந்து கேட் வழியாக மில் வரைக்கும் தானே நடந்து பார்க்கிறேன் என்று கிளம்பினார். திரும்பி வந்தபோது சட்டை முழுக்க வியர்வை. பாலம் இல்லாமல் சோதனை இல்லை என்று அங்கேயே எழுதினார். இவளுக்கு எச்சரிக்கை. எனக்குக் கண்டனக் கடிதம். உத்தியோக உயர்வு இப்போதைக்கு இல்லை. போகட்டும்.

போன வாரம் லாரிகள் வந்தன. நீ சொன்ன அதே இரும்பு, பாசி பிடித்து, வேறு ஊர் நடைமேடை எண்களோடு. தவளைக் குழியில்தான் தூண் நிற்கிறது. தேதி தினமும் எனக்குப் போன் செய்து, "என்னைக்கு முடியும்?" என்கிறார். முன்னே பாலமே வேண்டாம் என்றவர், இப்போது என்னைவிட அவசரப்படுகிறார். எரிச்சலாக இருக்கிறது, ஆனால் வேலை நடக்கிறது.

எங்களுக்குப் பாலம் வந்தது. உன்னிடமிருந்து ரயிலைப் பிடுங்கிவிட்டார்கள். இந்தக் கணக்கு எனக்குச் சரியாக வரவில்லை அக்கா.

செப்டம்பர் இரண்டாம் வாரம் மறு ஓட்டம். வா. வண்டிக்குள் இடம் தர மாட்டார்கள், என் வீட்டில் இடம் இருக்கிறது.

தம்பி


செப்டம்பர் 12, உன் வீட்டுச் சாப்பாட்டு மேஜை

தம்பி,

இது தபாலில் வராது. நீ இன்னும் ஏரிக்கரையிலிருந்து திரும்பவில்லை. உன் வீட்டுக்காரி மதிய ஷிஃப்டுக்குப் போய்விட்டாள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். படியேறி, பாலத்தைத் தாண்டி, அந்தப் பக்கம் இறங்கிவிட்டாள். நான் டீ போட்டுக்கொள்வதற்குள் அவள் வேலையில் இருந்தாள். வீட்டில் யாரும் இல்லை. பேசுவதற்கு ஆள் இல்லாததால் எழுதுகிறேன். உன்னோடு எழுதி எழுதி அப்படிப் பழகிவிட்டது.

காலையில் நீ கரைக்குக் கிளம்பிய பிறகுதான் வந்து இறங்கினேன். உன் வீட்டுக்காரி என்னைப் பாலத்துக்கு அழைத்துக்கொண்டு போனாள். மேலே நல்ல கூட்டம். என்னை யாருக்கும் தெரியாது. கிடங்கில் பிரேக் கட்டைகளை எண்ணிக்கொண்டிருக்கும் ஒரு பொம்பளை என்று என் நெற்றியிலா எழுதியிருக்கும்?

வந்தது. முதலில் சத்தமே இல்லை. தண்டவாளம்தான் பாட ஆரம்பித்தது, பிறகு பாலம் அதிர்ந்தது, பிறகு காலுக்குக் கீழே வெள்ளையாக ஏதோ ஒன்று இழுத்துக்கொண்டு போயிற்று. என் ரயிலின் கூரையை நான் மேலிருந்து பார்த்ததே இல்லை. மூன்றாவது பெட்டியின் மேல் மின்கம்பியைத் தொடும் கை லேசாக உதறியது. அதைச் சரிசெய்ய வேண்டும். ஆமாம் சாருக்கு அது உள்ளே தெரிந்திருக்காது. உள்ளே இருந்திருந்தால் நான் நிச்சயமாகக் கண்டுபிடித்திருப்பேன். ஆனால் நான் வெளியே நின்றேன். எட்டு வருடம் உழைத்துவிட்டு, என் ரயில் முழு வேகத்தில் ஓடியபோது கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தேன்.

எல்லோரும் கை தட்டினார்கள். ஒரு கையில் இரண்டு விரல் இல்லாத ஒரு பெண் பக்கத்தில் நின்றாள். யார் என்று நீ யூகித்திருப்பாய். "இது நம்ம ஊர்ல நிக்குமாங்க?" என்று என்னைக் கேட்டாள்.

"நிக்காது."

"அப்போ எதுக்குக் கை தட்டுறோம்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் வேறு என்னவோ வந்தது. உன் வீட்டுக்காரி என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

உனக்கும் இன்று கரையில் ஒரு கணம்தான் கிடைத்திருக்கும். தடுமாறாமல் போயிற்றா? நீ கட்டியது வழுக்கிக்கொண்டு போகும் என்று எனக்குத் தெரியும், ஆனாலும் உன் வாயால் கேட்க வேண்டும். தேதியின் மேல் கோபம் போகவில்லை. ஆமாம் சார்மேல் கோபம் போகவில்லை. உத்தியோக உயர்வு போகட்டும் என்று ஒரே வரியில் எழுதினாயே, அதற்காக உன்மேலும் கொஞ்சம் இருக்கிறது. அந்தக் கம்பிக்கை உதறுவதை நாளைக்கே எழுதி அனுப்பப் போகிறேன், கிடங்கிலிருந்து யார் எழுதினாலும் படிக்க மாட்டார்கள் என்றாலும் அனுப்புவேன். நீயும் பார்த்திருந்தால் உன் பெயரையும் சேர்த்துப் போடலாம். கரையிலிருந்து பார்த்தால் எந்தக் கோணத்தில் தெரியும் என்று யோசிக்கிறேன், ஒருவேளை நீ

வாசலில் செருப்பைக் கழற்றுகிற சத்தம். எழுதினது போதும்.